ஒற்றைக் கம்பி

மெஹர் பானுவுக்குச் செய்தி வந்தபோது மணி மூன்று பத்து. ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. காலையிலிருந்து குடித்த வெயிலைப் பாறைகள் ஊருக்குள் திருப்பித் துப்பிக்கொண்டிருந்தன. போன் அடித்தது. திரையில் கணவர் உஸ்மானின் பெயர். எடுத்தால் வேறு யாரோ ஒரு ஆண் குரல்.

"அம்மா, பாய் வீட்டம்மாங்களா?"

அவர் போன், இன்னொருவர் குரல். அந்த ஒரு விநாடியில் அவள் மனம் தன்னால் கணக்குப் போட்டது. போனை எங்காவது தவறவிட்டிருக்கலாம். கையெல்லாம் கிரீஸ் என்று பக்கத்தில் நிற்பவரைப் பேசச் சொல்லியிருக்கலாம். மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அதை அவள் தொடவில்லை.

"நான் அவலூர்பேட்டை பக்கத்துலருந்து பால்சாமி பேசுறேன். எங்க போர்ல மோட்டாரு பாக்க வந்தாரும்மா. பேசிக்கினே இருந்தவரு அப்படியே நெஞ்சைப் புடிச்சிக்கினு உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு வந்தோம். நீங்க கொஞ்சம் கிளம்பி வாங்கம்மா. ஆம்பளைங்க யாரையாவது கூட்டினு வாங்க."

முதலாவதும் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. இருப்பவற்றில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அடிபட்டால் மிஞ்சுவதுதான் உண்மை. திண்டிவனம் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டில் அதைப் பத்து மதிப்பெண் கேள்வியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். மோட்டார் வைண்டிங் கடை உஸ்மான் நாற்பத்தாறு வயதில் மவுத்தாகிவிட்டார் என்பதைப் பால்சாமி கடைசி வரை வாயால் சொல்லவே இல்லை.

உஸ்மான் படித்தது பத்தாம் வகுப்பும் இரண்டு வருஷம் ஐ.டி.ஐ.யும். அவருடைய அப்பா செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகை சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார். ஊரில் ஆளுக்கொரு வண்டி வந்து சைக்கிளை யாரும் கேட்காமல் போனபோது, மகன் அந்தக் கடையையே மோட்டார் காயில் கட்டும் கடையாக மாற்றிக்கொண்டார். சுற்றுவட்டாரத்தில் நெல்லும் மணிலாக் கடலையும் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பித்தான் விளைகின்றன. கோடையில் ஒரு மோட்டார் எரிந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் உஸ்மானுக்கு வேலை இல்லாத நாள் கிடையாது.

அவர் வேலை செய்யும் விதம் சிலருக்கு எரிச்சலாக இருக்கும். மோட்டாரை இறக்கியதும் "காயில் போச்சு" என்று சொல்லிவிட மாட்டார். ஒரு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான் அவருடைய சோதனைக் கருவி. சீரிஸ் லேம்ப் என்பார்கள். ஒரு ஒயரைக் காயிலிலும் இன்னொன்றை மோட்டாரின் உடம்பிலும் வைத்தால், கசிவு இருந்தால் பல்பு எரியும். ஆனால் ஒவ்வொரு முறையும், மோட்டாரைத் தொடுவதற்கு முன்னால், இரண்டு ஒயரின் நுனியையும் ஒன்றோடொன்று தொட்டுப் பல்பு எரிகிறதா என்று பார்ப்பார். ஒரு நிமிஷத்துக்கு முன்புதான் பார்த்திருந்தாலும் மறுபடி பார்ப்பார்.

"இன்னா பாய், இப்பதான பாத்த?" என்பார்கள்.

"பல்பு எரியலன்னா மோட்டார் நல்லாருக்குன்னு சொல்லிடுவேன். பல்பே ஃபீஸ் போயிருந்தா? உன் மோட்டாரை நான் கொன்னுருவேன்."

இன்னொன்றும் சொல்வார். வீட்டு மோட்டாருக்குக் கெபாசிட்டர் போனால் மோட்டார் உறுமும். அதற்காக உறுமுகிற மோட்டாருக்கெல்லாம் கெபாசிட்டர் போய்விட்டது என்று சொன்னால் அவன் மெக்கானிக் இல்லை, கெபாசிட்டர் வியாபாரி. பேரிங் இறுகியிருந்தாலும் உறுமத்தான் செய்யும்.

கல்யாணமான புதிதில் மெஹர் பானு தன் பழைய புத்தகத்தை எடுத்து வந்து காட்டினாள். 'பி என்றால் க்யூ. க்யூ இருக்கிறது. ஆகவே பி' என்பது தவறு என்று அதில் அச்சடித்திருந்தது. அவர் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுக்கு மூணு வருஷம் காலேஜா?" என்றார். "பி-யும் க்யூ-வும் போட்டா போர்ல தண்ணி வருமா?"

"வராது. ஆனா உங்களை மாதிரி ஆளுக்கு பாஸ் மார்க் வரும்."

காயில் கட்டும்போது சுற்றுகளை வாய்விட்டு எண்ணுவார். அப்போது யாரும் பேசக் கூடாது. எண்ணிக்கை தவறிவிட்டால் "அறுபது இருக்கும்" என்று ஊகித்துத் தொடர மாட்டார். கட்டியதை அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இந்த முறை உண்டு. ஒருவர் பாதி கட்டிய மோட்டாரை இன்னொருவர் தொடர்ந்து கட்டுவதில்லை. முன்னவன் எத்தனை சுற்று விட்டான் என்று யார் சத்தியம் செய்வது? எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் தொடங்குவார்கள்.

இப்படி இருந்த மனிதரைத்தான் இந்த ஜனவரியில், பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கேபிள் திருடன் என்றார்கள்.

சிங்கவரத்தில் ஒரே ராத்திரியில் ஐந்து போர்களில் கேபிள் போயிருந்தது. ஐந்தில் ஒன்று பச்சைமுத்துவுடையது. பச்சைமுத்துவின் மோட்டார் அந்த வாரம்தான் எரிந்து, உஸ்மானின் கடையில் கட்டி முடியாமல் மேஜைமேல் இருந்தது. மோட்டாரை மேலே ஏற்றியபோது கழற்றிய கேபிளைச் சுருட்டி ஷெட்டில் போட்டிருந்தார்கள். அது காணவில்லை. காலையில் தன் மோட்டார் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த பச்சைமுத்து, கடை மூலையில் ஒரு சாக்கைப் பார்த்தார். சாக்கு நிறைய கருகிய தாமிரக் கம்பி. பிளாஸ்டிக் எரிந்த நாற்றம் அதிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கேபிள் திருடுகிறவர்கள் மேலே இருக்கும் பிளாஸ்டிக்கை எரித்துவிட்டுத் தாமிரத்தை மட்டும் எடைக்குப் போடுவார்கள். ஊருக்கே தெரியும். ஆழ்குழாய் மோட்டாரின் காயில் கம்பிக்கும் பிளாஸ்டிக் உறை உண்டு என்பதும், எரிந்த காயிலை வெட்டி எடுத்தால் அதுவும் இதே மாதிரி கருகி இதே நாற்றம் நாறும் என்பதும் காயில் கட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

மத்தியானத்துக்குள் கடை வாசலில் முப்பது பேர். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆனந்தராஜ் உட்கார்ந்திருந்தார். முன்னாள் ஊராட்சித் தலைவர். பதவி போய் ஐந்து வருஷமாகியும் பஞ்சாயத்து பண்ணும் பழக்கம் போகவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார் போலும். ஈர்க்குச்சியால் பல்லைக் குத்திக் குத்தி, வந்ததை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, உஸ்மானின் வாசற்படியிலேயே துப்பினார். ரொட்டி கொடுக்க வந்து உள்ளே மாட்டிக்கொண்ட மெஹர் பானு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திருடுனவன் எரிப்பான். இங்க எரிச்ச கம்பி இருக்குது. வேற இன்னா வேணும்?" என்றார் பச்சைமுத்து.

"அண்ணே, அந்தச் சாக்குல பாதி உன் மோட்டார்லருந்து வெட்டி எடுத்த காயிலு அண்ணே," என்றார் உஸ்மான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பச்சைமுத்துவுக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது.

"கேபிளு ஷெட்டுல கெடந்தது உனக்குத்தான் தெரியும்!"

"மோட்டாரை ஏத்தறப்ப ஊர்ல பன்னெண்டு பேரு நின்னு வேடிக்கை பாத்தாங்களே? அவங்களுக்கும்தான் தெரியும்."

பிறகு உஸ்மான் தன் வழக்கப்படி செய்தார். உள்ளே போய்ப் புதுக் கேபிளில் ஒரு சாண் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். உறையை உரித்துக் காட்டினார். உள்ளே முடி மாதிரி மெல்லிய இழைகள் எத்தனையோ. பிறகு சாக்கிலிருந்து ஒரு கருகிய கம்பியை எடுத்து வளைத்தார். ஒற்றைக் கம்பி. இழை பிரியவில்லை.

"கேபிளா இருந்தா நூலு நூலா இருக்கணும். எரிச்சாலும் இழை இழையாத்தான் இருக்கும், ஒண்ணா உருகி ஒட்டிக்காது. இது ஒத்தக் கம்பி. அப்போ இது கேபிள் இல்ல. சாக்கைக் கொட்டுறேன். ஒரே ஒரு இழைக் கம்பி காட்டுங்க, நானே ஸ்டேஷனுக்கு நடக்குறேன்."

கொட்டினார். கரி பறந்தது. கம்பியை ஆளாளுக்குக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தார்கள். பச்சைமுத்துவும் பார்த்தார். ஒருவரும் இழைக் கம்பி காட்டவில்லை.

ஆனந்தராஜ் ஈர்க்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "பாய், நீ தொழில்காரன். எதை வெச்சிக்கணும், எதை உடனே தள்ளி உட்ரணும்னு உனக்குத் தெரியாதா? இவ்ளோ தெளிவா பேசுறியே, அதுலயே தெரியலையா?"

கூட்டம் தலையாட்டியது. பதில் சொல்லாமல் இருந்திருந்தால் திருடன். பதில் சொன்னதால் கைதேர்ந்த திருடன். அத்தனை பேருடைய கையும் கரியாகியிருந்தது. எல்லாரும் கடைத் திரைத் துணியில் துடைத்துவிட்டுப் போனார்கள்.

போலீசுக்குப் போக வேண்டாம், பாய்க்குத்தான் அசிங்கம், 'என்னால் ஏற்பட்ட மனவருத்தத்துக்கு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆனந்தராஜ் பெரிய மனசு பண்ணினார். உஸ்மான் முடியாது என்றார். இரண்டு நாள் முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னது மெஹர் பானுதான். மகள் மெஹ்ரீனுக்குப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கியிருந்தது. வகுப்பில் அவளிடம் ஒருத்தி கேபிள் என்ன விலை என்று கேட்டிருந்தாள். குழந்தை சாப்பிடாமல் படுத்திருந்தது.

"ஒரு வரிதானங்க. எழுதிக் குடுத்துட்டு வாங்க, முடிஞ்சி போவட்டும்."

"நான் எடுக்கலையே."

"எடுக்கலன்னா கையெழுத்துப் போட எதுக்கு பயப்படுறீங்க?"

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவள் காதில் விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை.

"நீ கணக்கு படிச்சவ," என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

ராத்திரிக்குள் அந்தக் காகிதத்தின் படம் சிங்கவரம் விவசாயிகள் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தது. தப்பு செய்தவன் மன்னிப்பு கேட்பான். பாய் மன்னிப்பு கேட்டுவிட்டார். ஊருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. சிங்கவரத்திலிருந்து வேலை நின்றது. அதைப் பார்த்து வல்லம் பக்கமும் நின்றது. உஸ்மான் டிவிஎஸ் வண்டியில் பையைக் கட்டிக்கொண்டு, தன்னைத் தெரியாத ஊர்களாகத் தேடிப் போக ஆரம்பித்தார். பச்சைமுத்து தன் மோட்டாரைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார், எடுத்துக்கொண்டும் போகவில்லை. பழைய ஆயில் இன்ஜினைப் போட்டு ஓட்டிக்கொண்டார்.

"அதை வெளிய தூக்கி வையுங்களேன்," என்று மெஹர் பானு ஒருநாள் சொன்னாள்.

"இருக்கட்டும். அவரு வந்து கேக்கட்டும். மிச்சம் ரெண்டு மணி நேர வேலை, அன்னைக்கே முடிச்சித் தரேன்."

ஐந்து மாதம் அது மேஜைமேல் இருந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றித்தான் மற்ற வேலைகளைச் செய்தார்.

மவுத்தான மூன்றாம் நாள் பாத்திஹா ஓதலுக்கு வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு மகாலட்சுமி மெஹர் பானுவின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்: "மனசுல ஒண்ணை வெச்சிக்கினு இருந்தாத்தான் அக்கா இப்படி திடீர்னு அடைக்கும். அது எல்லாருக்கும் வராது."

"உங்க நைனாவும் நெஞ்சடைச்சித்தான போனாரு, மகாலட்சுமி?"

"எங்க நைனாவா? அய்ய, அவரு சுகர் பேஷண்டுக்கா."

உஸ்மானின் தங்கை நஜ்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். மெஹர் பானு தன் கையை விடுவித்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

கணவனை இழந்தவள் இத்தா இருக்கும் நான்கு மாதம் பத்து நாளும் அவள் வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. எல்லாருடைய பேச்சும் ஒரே தடத்தில் ஓடியது. முடிவை முதலில் வைத்துக்கொண்டு காரணத்தை அப்புறம் தேடிக்கொள்கிறார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. பிளாஸ்டிக் எரியும் நாற்றம்தான் வந்துகொண்டிருந்தது. தன் வாயிலிருந்தே அந்த நாற்றம் வருவதாகத் தோன்றிச் சில நாள் இரண்டு மூன்று தடவை பல் விளக்கினாள்.

ஜூலை நடுவில் இரண்டு பேர் மாட்டினார்கள். வல்லம் தாண்டி ஒரு மினி லாரியை மடக்கியதில் சாக்கு சாக்காகக் கேபிள். சிங்கவரத்து ஐந்து போரும் தங்கள் வேலைதான் என்று ஒப்புக்கொண்டார்களாம். அந்த வெள்ளிக்கிழமையே ஆனந்தராஜும் பச்சைமுத்துவும் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் நாற்காலி போட்டு நஜ்மா உட்காரவைத்தாள். மெஹர் பானு உள் அறைத் திரைக்குப் பின்னால் இருந்தாள். திரைக்கு அடியில் இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன.

"பாயம்மா, மனசு ஆறல," என்றார் ஆனந்தராஜ். "இப்பதான் தெரியுது, பாயி எவ்ளோ நல்லவருன்னு. திருடன் மாட்டிட்டான்."

"மாட்டாம இருந்திருந்தா?" என்றாள் மெஹர் பானு.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"மாட்டாம இருந்திருந்தா இன்னிக்கும் அவரு திருடன்தானா?"

"அப்படி இல்லம்மா. ஆதாரம்னு ஒண்ணு வேணுமில்ல?"

"ஆதாரம் ஜனவரிலயே காட்டுனாரு. ஒத்தக் கம்பி. நீங்க கையில வாங்கி வளைச்சிப் பாத்தீங்க. திருடன் யாருன்னு அன்னிக்குத் தெரியாம இருக்கலாம். அவரு இல்லன்னு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி. அதுக்கு இவங்க மாட்டணும்னு இல்ல."

"கரெக்ட்டும்மா, கரெக்ட்டு," என்றார் ஆனந்தராஜ், குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் குரலில். "எல்லாம் அந்தப் பசங்களால வந்தது. அவனுங்க ஊரே அப்படித்தான், எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்து ஆளுன்னாலே திருட்டுப் பசங்க."

மெஹர் பானு கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு பேர் திருடியதற்கு ஒரு ஊரே திருடர். பழி சுமக்கும் ஆள்தான் மாறியிருந்தது, வாய் மாறவில்லை.

"இந்தாம்மா, அந்தக் காயிதம். பத்திரமா வெச்சிருந்தேன். கிழிச்சிப் போட்ருங்க."

மெஹ்ரீன் அதை வாங்கித் திரைக்குள் நீட்டினாள். உஸ்மானின் கையெழுத்து அமைதியாக, நேராக இருந்தது. மெஹர் பானு அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கிழிக்க மாட்டேன். இதை எல்லாருக்கும் அனுப்பினீங்க இல்ல? அதே குரூப்ல இன்னொண்ணு எழுதிப் போடுங்க. 'கேபிளுக்கு இழை உண்டு, கடையில் இருந்தது ஒற்றைக் கம்பி, அதனால் அது கேபிள் இல்லை, பார்த்த பிறகும் நாங்கள் அவரைத் திருடன் என்றோம்.' இவ்ளோதான். ரெண்டு பேரும் பேரு போடணும்."

"திருடன் புடிபட்டுட்டான், பாய் நிரபராதின்னு போட்டா போதாதா?"

"போதாது."

ஒரு ஜோடிக் கால் நகர்ந்தது. பச்சைமுத்து தொண்டையைச் செருமினார்.

"அதெல்லாம் தலைவரு பாத்துப்பாரும்மா. நான் இன்னா கேக்க வந்தேன்னா... ஆடிப்பட்டம் வந்துடுச்சி. மணிலா போடணும். ஆயில் இன்ஜினும் படுத்துக்கிச்சி. என் மோட்டாரு கடையிலயே இருக்குது. சாவி இருந்தா..."

நஜ்மா "த்தூ" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். மெஹர் பானு எழுந்தாள். ஆணியிலிருந்த சாவியை எடுத்து மெஹ்ரீனிடம் கொடுத்து, "அத்தையையும் கூட்டிட்டுப் போ," என்றாள்.

மெஹ்ரீன் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். பச்சைமுத்து ஒரு மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருந்தாராம். அந்த ஆள் மோட்டாரை உற்றுப் பார்த்துவிட்டு, பாய் கட்டிய காயிலைத் தான் தொடர முடியாது, எல்லாவற்றையும் வெட்டிவிட்டு முதலிலிருந்து கட்டித் தருகிறேன் என்றாராம். கட்டரைக்கூட எடுத்துவிட்டாராம். பச்சைமுத்து வேண்டாம் என்று தடுத்தாராம். சாக்கு இன்னும் மூலையில்தான் இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பியை உருவி, முன்னும் பின்னும் வளைத்து, "ஒத்தக் கம்பிதான்," என்றாராம்.

"யாருகிட்ட சொன்னாரு?"

"யாருகிட்டயும் இல்லம்மா. கீழ பாத்துக்கினு சொன்னாரு. அப்புறம் மோட்டாரை அப்படியே உட்டுட்டுப் போயிட்டாரு."

"ஜனவரிலயும் அதே கம்பியைத்தான் பாத்தாரு," என்றாள் மெஹர் பானு.

சாயங்காலம் ஆனந்தராஜ் குரூப்பில் போட்டதை நஜ்மா காட்டினாள். 'உண்மையான திருடர்கள் பிடிபட்டதால், மறைந்த உஸ்மான் பாய் மீது இருந்த சந்தேகம் நீங்கியது. ஆழ்ந்த இரங்கல்.' கீழே நாற்பத்தோரு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். 'பிடிபட்டதால்' என்றுதான் இருந்தது. மெஹர் பானு போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். அந்த நாற்பத்தோரு பேர் மேலும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவர்களோடு தன்னையும் சேர்த்து எண்ணினால் நாற்பத்திரண்டு. எடுக்கலன்னா எதுக்கு பயப்படுறீங்க என்று கேட்டவளும் இந்தக் கணக்கில் உண்டு.

அந்தக் காகிதம் அவளுடைய பழைய கணிதப் புத்தகத்துக்குள் இருக்கிறது. பச்சைமுத்து மறுபடி வரவில்லை. சிங்கவரத்தில் அவர் நிலத்தில் மட்டும் இந்த ஆடியில் மணிலா போடவில்லை என்று மகாலட்சுமி வந்து சொன்னாள். கையில் காசு இல்லை போலிருக்கிறது என்று காரணமும் அவளே சொன்னாள்.

மோட்டார் கடை மேஜைமேல் இருக்கிறது. கம்பி இறங்கும் பள்ளங்கள், மொத்தம் இருபத்துநாலு ஸ்லாட். பதினெட்டில் கம்பி இறங்கியிருக்கிறது. ஆறு காலி.